நான்காம் மலையின் உண்ணிச்செடி

பதுளைச் சந்தையில் கரட் விலை ஏறிய அதே வாரத்தில், தாவர உத்தியோகத்தர் இரகுநாதனின் இடது தோளில் உண்ணிச்செடி முளைத்தது. நாடெங்கும் பரவிவரும் அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அட்டவணைப்படுத்தும் பணியில் ஊவா மாகாணம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவர் யாழ்ப்பாணத்தவர், கடமையில் பிசகாதவர். மொனராகலையில் கினிப்புல்லையும், தெமோதரை இருப்புப்பாதையோரத்தில் காட்டுச் சூரியகாந்தியையும் பதிந்து முடித்திருந்தார். ஒவ்வோரிடத்திலும் ஒரு செடியை வேரோடு பிடுங்கிக் காகிதத்தில் அழுத்திக் கொழும்புக்கு அனுப்புவது முறையாகும்.

பூனாகலைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றின் நான்காம் மலையில் அவர் தேர்ந்த செடியோ, கொழுந்து பறிக்கும் குணமணி தம் மகள் லக்ஷிகாவைப் புதைத்த இடத்தில் நட்டது. அத்தோட்டத்தில் புதைகுழிக்குக் கல் நாட்ட இடங்கொடுப்பதில்லை. ஆகையால் ஆடு தின்னாத செடியொன்றைத் தலைமாட்டில் நடுவர்.

"ஐயா, பாதையோரமா எவ்வளவோ கெடக்கு, அதுல எடுங்க. இது எம்புள்ள தலமாடு."

"அம்மா, இது வெளியிலயிருந்து வந்த செடி. இஞ்ச நிக்கக் கூடாது."

"நாங்களுந்தான் வெளியில இருந்து வந்தவங்கன்னு சொல்றாங்க. எங்களயும் புடுங்கிக் காகிதத்துல ஒட்டுவீங்களோ?"

உடனிருந்த பெண்கள் சிரித்தனர். அச்சிரிப்பே அவருடைய கையை விரைவுபடுத்தியது; செடியை வேரோடு பிடுங்கினார். குணமணி, வேரிலிருந்து உதிர்ந்த மண்ணை வாரி அவர்மேல் தூற்றினார். அஃது இடது தோளில் விழுந்தது. சின்னாட்களில் அம்மலையெங்கும் தேயிலைக் கன்றுகள் நடப்பட்டமையால், புதைகுழி எதுவென அறிவார் இலராயினர்.

இரகுநாதன் தோட்செடியை வெட்டினார், தழைத்தது. களைகொல்லி தெளித்தார்; பூத்தது. வேர் எலும்பைப் பற்றியுள்ளதென வைத்தியர்கள் எழுதிக் கொடுத்தனர். முள் குத்துமென்று பேருந்தில் அருகே எவரும் அமரவில்லை. உடன் பணிபுரிந்த ஆரூரன், "அண்ணை, குறை நினைக்காதேங்கோ, விதியெண்டால் விதிதானே" எனக் கூறி, அட்டவணையில் வளரிடம் என்னும் நிரலில் அவருடைய பெயரைப் பதிந்தார்.

இரண்டாம் ஆண்டில் வேர்கள் முழங்காலைக் கடந்தபோது அவர் குணமணியைத் தேடி வந்தார்.

"பிடுங்கி விடுங்கோ, அம்மா."

"புடுங்குறேங்க. மொதல்ல எம்புள்ள எங்க கெடக்குன்னு காட்டுங்க."

அவர் தேயிலை வரிசைகளினூடே நாள்முழுதும் நடந்தார். பொழுது சாயும் வேளையில், ஓரிடத்தில் வேர்கள் அவருடைய பாதங்களைத் துளைத்து மண்ணுள் இறங்கின. "இஞ்சதான்" என்றார். குணமணி குந்தியமர்ந்து அம்மண்ணைத் தடவினார். தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியை எடுத்தார். இரகுநாதன் தோளைச் சரித்துக் கொடுத்தார். குணமணியோ கத்தியைத் திரும்பவும் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இப்ப அடையாளம் இருக்கு. நகராதீங்க, ஐயா."

அன்றுமுதல் அவர் அங்கேயே நிற்கின்றார். முதல் மாரியில் விடுவிக்குமாறு கெஞ்சியதுண்டு, பின்னர் நிறுத்திக்கொண்டார். கொழுந்துப் பெண்கள் அவரைச் சுற்றிச் செல்கின்றனர். மழை வருமாவென வினவினால் விடை கூறுகின்றார். ஆண்டுதோறும் மகளின் திவசத்தன்று குணமணி அவருக்கு முழங்கால்வரை சுண்ணாம்பு பூசி, விளக்கேற்றிவிட்டுத் தம் லயத்து வீட்டுக்குத் திரும்புகின்றார். ஆடுகள் அவரைத் தின்பதில்லை.