அறுபத்து மூன்றாம் நாள்

"கொஞ்சம் கிட்டக்க காமிங்க சிஸ்டர்" என்றது போனில் வந்த குரல்.

இளமதி குனிந்து, மாமனாரின் முகத்துக்கு ஒரு சாண் உயரத்தில் போனைப் பிடித்தாள். மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள், சிங்கப்பூரிலிருந்து யாரோ சொந்தக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, போன் பக்கம் திரும்பி இன்னும் சத்தமாக அழுதார்கள்.

பார்த்துக்கொண்டிருந்தது பிளெஸ்ஸி. புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம், குடியிலும் சூதாட்டத்திலும் விழுந்தவர்களைத் தங்கவைத்துப் பார்க்கும் மறுவாழ்வு இல்லம் ஒன்றின் கவுன்சிலர். இளமதியின் கணவன் வெற்றிசெல்வன் அங்கேதான் இருந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. போன தடவையும் இதே காரணத்தச் சொல்லித்தான் போனாரு."

"நீங்க கேட்டது சரிதான் மேடம்."

இளமதிக்குக் கோபமே வரவில்லை. பிளெஸ்ஸியின் இடத்தில் இருந்திருந்தால் அவள் பஞ்சைக்கூட எடுத்துக் காட்டச் சொல்லியிருப்பாள்.

மாமனார் ஆவுடையப்பன் போன வருஷமே ஒருமுறை செத்தவர். செல்போன் ரம்மியில் உரக்கடையை முழுங்கிய மகனை இரண்டாவது தடவையாக இல்லத்தில் சேர்த்துவிட்டு வந்திருந்தார். முதல் தடவை பதினோரு நாள்தான் தாங்கினான். இரண்டாவது தடவை முப்பத்து நாலாம் நாள், அப்பா இறந்துவிட்டார் என்று சொல்லி வெளியே வந்தான். கூட்டி வந்தவள் அவனைப் பெற்ற சொர்ணவல்லி. தாலியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போய், கணவர் காலமானதால் மகனை அழைத்துச் செல்கிறேன் என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்க பிளெஸ்ஸி வீட்டுக்குப் போன் செய்தபோது எடுத்தவர் ஆவுடையப்பன். "சொல்லும்மா, நாந்தான் அந்தச் செத்தவன்" என்றார். அன்றிலிருந்து மனைவி கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை.

இது மூன்றாவது தடவை. தொண்ணூறு நாளில் இன்று அறுபத்து மூன்று. ஒரு ராத்திரி வெளியே தங்கினாலும் மறுபடி முதல் நாளிலிருந்துதான் என்று இல்லத்தில் கண்டிப்பு. இன்னொரு முதல் நாளுக்கு அவன் போகவே மாட்டான். அது இளமதிக்கு நிச்சயமாகத் தெரியும்.

பதினோரு மணிக்குக் கார் வந்தது. கூடவே இல்லத்து ஆள் கவியரசன். மாலை ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. வெற்றி இறங்கி ஓடிவந்து அப்பாவின் காலில் விழுந்து கதறினான். கூட்டமே கலங்கிப்போனது. இளமதி அவன் கண்ணைப் பார்க்கவில்லை. கண்ணீர் அவனுக்கு எப்போதும் சுலபம். அவன் கைகளைத்தான் பார்த்தாள். ஆட்களின் சட்டைப்பையில் இருக்கும் போன்களின் பக்கம் அவை போகின்றனவா என்று பார்த்தாள். வீட்டுப் போன்களை எல்லாம் காலையிலேயே அரிசி டிரம்முக்குள் புதைத்திருந்தாள். செத்த வீட்டில் இப்படி ஒரு மருமகளா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை.

கவியரசனுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நீங்க அங்க வேலைக்கு வந்து எத்தன வருஷமாச்சு?"

"அஞ்சு வருஷங்க. அதுக்கு முன்னாடி அங்கேயே பேஷன்ட்டு. மூணாவது தடவைலதான் முழுசா முடிச்சேன்."

"பாதியில ஓடிப்போறவங்க நெறைய பேரா?"

"செவரு ஏறிக் குதிக்கிறவன் கம்மிங்க" என்று அவன் டீயை ஊதினான். "வீட்டாளுகளே வந்து கூட்டிட்டுப் போறதுதான் ஜாஸ்தி."

டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பியபோது கூடத்தில் வெற்றி இல்லை. பிணத்தின் தலைமாட்டில் சொர்ணவல்லியும் இல்லை. இளமதி அடுப்படி ஜன்னலுக்கு ஓடினாள். கொல்லையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். மகன் ஏதோ கேட்டான். அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அத்தை ஏதோ சொன்னாள். அவன் மறுபடி கேட்டான். ஒரு வார்த்தையும் இங்கிட்டுக் கேட்கவில்லை. போச்சு, மறுபடியும் சேர்ந்துவிட்டார்கள் என்று இளமதி நினைத்தாள். புருஷன் பிணமாகக் கிடக்கும்போதுமா இந்தப் பொம்பளைக்கு மகன் மேல் பாசம் பொங்கும்?

மூன்று மணிக்குப் பந்தலில் தப்புச் சத்தம் கூடியது. பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்கக் குடம் எடுத்துவைத்திருந்தார்கள். ஆவுடையப்பனின் அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

"வெற்றி, வேட்டிய மாத்திக்கிட்டு வாப்பா. கொள்ளிக்காரன்தான் தண்ணி எடுக்கணும்."

"ஆறு மணிக்கு அவரு உள்ள இருக்கணுங்க" என்றான் கவியரசன்.

"அது எப்புடிங்க? கொள்ளி வச்சவன் கருமாதி முடியிற வரைக்கும் ஊரு எல்லையத் தாண்டக் கூடாது. பதினாறு நாளு. அதுக்கப்பறம் தாராளமா கூட்டிட்டுப் போங்க."

இளமதி பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "பெரிய மாமா, ஒங்க மகன் கோபிநாத் தம்பி கொள்ளி வைக்கட்டும்."

தப்புச் சத்தம் நின்றுவிட்டது.

"பெத்த மகன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறப்ப பங்காளி மகன் வைக்கிறதா? நீ அங்கிட்டுப் போத்தா."

அவள் போகவில்லை. கணவனைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க."

வெற்றி தரையைப் பார்த்தான். "பெரியவுக சொல்றபடி செஞ்சுர்றேன்."

மழைக்கு லீவு விட்டாச்சு என்று கேட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அவன் தோள் இறங்கியதை இளமதி பார்த்தாள். வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தலைமாட்டிலிருந்து சொர்ணவல்லி எழுந்தாள். காலையிலிருந்து வாய்விட்டு அழாதவள். எழுந்திருக்க சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"இவன் வைக்க வேணாம்" என்றாள்.

"என்னம்மா பேசுற?"

"இவன் போன வருசமே வச்சுட்டான். நாந்தான் கையெழுத்துப் போட்டேன். கொல்லையில என்னயக் கேக்குறான், 'நீ ஒரு வார்த்த சொன்னா இருந்துர்றேம்மா'ன்னு. ரெண்டு தடவ கேட்டான். நான் சொல்ல மாட்டேன்." குரல் உடைந்தது. "அந்த மனுசன் என்கிட்டப் பேசாமலே போயிட்டாரு. கோபி, கொடத்த எடுப்பா."

வெற்றி, "அம்மா" என்றான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. கோபிநாத் தன் அப்பாவைப் பார்த்தான். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றார். கோபிநாத் குடத்தை எடுத்தான்.

இளமதிக்கு அத்தையின் காலில் விழ வேண்டும் போல் இருந்தது. ஆனால் அதற்கும் அவளுக்கு நேரமில்லை. வெற்றி எங்கே நிற்கிறான் என்று தேட வேண்டியிருந்தது.

வாய்க்கரிசி போட்டதும் அவன் போய்க் காரில் உட்கார்ந்தான். பாடை கிழக்கே கண்மாய்ப் பக்கம் போனது. கார் மேற்கே போனது. பெண்கள் தெருமுனை வரை வந்து, அழுது ஓய்ந்து, தலைமுழுகத் திரும்பினார்கள். சொர்ணவல்லியை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிப்போனார்கள். இளமதி மட்டும் மேற்கே பார்த்து நின்றாள்.

மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் கார் நின்றது. கதவு திறந்தது. கவியரசன் இறங்கவில்லை. வெற்றி மட்டும் இறங்கினான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கும். ஏறினால் அறந்தாங்கி, அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம். கத்தலாமா என்று நினைத்தாள். கண்மாய்ப் பக்கம் வெடித்த வேட்டுச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது.

அவன் பஸ் நிற்கும் பக்கம் போகவில்லை. வேட்டுச் சத்தம் வந்த கண்மாய்ப் பக்கம் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ரோட்டோரப் புழுதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். ஒரு மீன் வண்டி ஹாரன் அடித்தபடி அவனை விட்டு ஒதுங்கிப் போனது.

அவன் எழுந்தபோது, கையில் எதையாவது எடுத்தானா என்றுதான் அவள் கண் முதலில் பார்த்தது. இரண்டு கையிலும் ஒன்றும் இல்லை. சட்டையெல்லாம் மண். அதைத் தட்டிவிடாமலே காரில் ஏறி, கதவை அவனே சாத்திக்கொண்டான்.