தட்டி ஏத்து

முகத்துணியை விலக்கப்போன சித்தியின் கையை ஜெப்ஸி பட்டென்று தட்டிவிட்டாள். மணிக்கட்டு சவப்பெட்டியின் விளிம்பில் இடித்தது. சித்தி கையை உதறிக்கொண்டே, "ஒரு தடவ பாத்துக்கிடுதேன் ஏளா, நான் தூக்கி வளத்த பிள்ள" என்றாள்.

"பாக்க ஒண்ணும் இல்ல சித்தி. போய் உக்காருங்க."

கோபத்தில் சொன்ன வார்த்தை இல்லை, நடப்பு அதுதான். முந்தாநாள் மதியம் துறைமுகத்தில், கப்பலிலிருந்து அள்ளும் நிலக்கரியை வாங்கும் ஹாப்பரின் இரும்புக் கதவு, அங்கே ஃபிட்டராக இருந்த அவள் தம்பி பெனிஸ்டனின் தலைமேல் விழுந்தது. தோளுக்கு மேலே மனிதன் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. சவக்கிடங்கில் அடையாளம் காட்டியவள் ஜெப்ஸிதான். முழங்காலில் இருந்த தழும்பைப் பார்த்துத் தம்பிதான் என்று சொன்னாள். பிறகு அங்கிருந்தவர்கள் பஞ்சையும் துணியையும் சுற்றி ஒரு தலையைச் செய்து, கழுத்தோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தலைக்குத்தான் சித்தி முத்தம் கொடுக்க வந்திருந்தாள்.

முத்தையாபுரம் வீட்டு வாசலில் பந்தல் நிரம்பி, ஆட்கள் தெருவிலும் நின்றார்கள். பாதிப்பேர் துறைமுகத்து ஆட்கள். நடுவில் ஜெப்ஸியின் கணவன் கிருபாநிதி ஓடியாடி வேலை பார்த்தான். பெட்டிக்கு ரெண்டு பேர், கோயிலுக்கு ரெண்டு பேர், குழிக்கு நாலு பேர் என்று பிரித்துவிட்டு, யாரும் யார் வேலையிலும் தலையிடாமல் பார்த்துக்கொண்டான். மாப்பிள்ளை என்றால் இப்படி அமைய வேண்டும் என்று கிழவிகள் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கக் கேட்க ஜெப்ஸிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஹாப்பரைச் செய்த கம்பெனியில் கிருபாநிதி டிசைன் பிரிவுத் தலைவன். பக்கத்து மேசை ஜெப்ஸியுடையது. பெரிய அசெம்பிளி என்றால் ஆயிரக்கணக்கான பாகங்கள். ஹாப்பரின் கணினி மாடலைத் திறக்கக் கொடுத்துவிட்டு டிசைன் பிள்ளைகள் கீழே போய் டீ குடித்து, வம்பு பேசி, திரும்பி வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை ஒழித்தவன் கிருபாநிதி. போல்ட், நட், வாஷர், பின் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் தள்ளி மொத்தமாக சப்ரஸ் செய்யச் சொன்னான். சப்ரஸ் செய்த பாகம் அழிந்துவிடாது. கணினி அதை இல்லாததாக எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மாடல் சட்டென்று திறந்தது. முதலாளி எல்லோர் முன்னாலும் அவன் முதுகில் தட்டினார். "எத மறைக்கணும்னு தெரிஞ்சவந்தான் டிசைனர்" என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவன் வகுப்பெடுத்தான். கெட்டிக்காரன்தான். அதில் ஜெப்ஸிக்கு இப்போதும் சந்தேகம் இல்லை.

ஆனால் ஒரு பாகம் இன்னொன்றில் இடிக்கிறதா என்று கணினியிடம் கேட்பதற்கு முன்னால், மறைத்ததையெல்லாம் திரும்ப எழுப்ப வேண்டும். டிசைன் முடிகிற கடைசி வாரத்தில் பலத்துக்காக ஹாப்பரில் ஒரு தகடு சேர்த்தார்கள். தூக்கிய கதவைத் தாங்கி நிற்கும் லாக் பின்னின் பாதையில் அது குறுக்கே நின்றது. பின்னோ போல்ட்டுகளோடு மறைந்து கிடந்தது. எங்கும் இடிக்கவில்லை என்று கணினி சொன்னது. எல்லாவற்றையும் எழுப்பினால் சோதனை விடிய விடிய ஓடும் என்று கிருபாநிதி அப்படியே பட்டறை வேலைக்கு அனுப்பிவிட்டான்.

முந்தாநாள் அலுவலகத்தில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெனிஸ்டன் கூப்பிட்டான். கை எச்சிலாக இருந்ததால் கிருபாநிதி ஸ்பீக்கரில் போட்டான்.

"அத்தான், லாக் பின் ஏற மாட்டேங்கு. தகடு இடிக்கும்னு நெனைக்கேன். கொஞ்சம் வெட்டிக்கிடட்டா?"

"வெட்டாதடே. மாடல்ல க்ளியரா இருக்கு. பெயிண்ட் அடைச்சிருக்கும், தட்டி ஏத்து."

"கதவு செயின்லதான் தொங்குது அத்தான்."

"ரெண்டு தட்டு தட்டுனா ஏறிரும். சாப்பிட்டுக்கிட்டிருக்கேன், வை."

பெனிஸ்டன் தட்டினான். அந்த அதிர்வில் செயினின் கொக்கி கழன்றது. சவக்கிடங்கிலிருந்து திரும்பும்போது காரில் கிருபாநிதி, "அந்த போன் விஷயம் நமக்குள்ள இருக்கட்டும் ஜெப்ஸி. வெளிய தெரிஞ்சா ஹார்பர்காரனுவ என்னைக் கொன்னுருவானுவ. சொன்னா மட்டும் அவன் வரவா போறான்?" என்றான். கொன்றுவிடுவார்கள் என்பது அவளுக்கும் தெரியும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள். தம்பியா புருஷனா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.

சபைப் போதகரான ஐயர் ஜெபத்தை முடித்த நேரத்தில் ஹாப்பர் கம்பெனி மேனேஜர் சிவசுப்பிரமணியன் மாலையோடு வந்தார். பெட்டியின்மேல் வைத்துவிட்டு, ஜெப்ஸியின் அப்பா பொன்னுதுரையின் கையைப் பிடித்துக்கொண்டு நாலு பேருக்குக் கேட்கிற குரலில் பேசினார்.

"நல்ல பையன் சார். கொஞ்சம் அவசரப்பட்டுட்டான். பின் போடாம கதவுக்குக் கீழ போகாதீங்கன்னு எவ்வளவோ படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கோம்."

பொன்னுதுரை பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதை நெருங்கியும் நெஞ்சு நிமிர்ந்த ஆள். "எம் மவன் அப்பிடிச் செய்ய மாட்டான்" என்றார். சொல்லிவிட்டு, நிச்சயமில்லாமல் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

அவ்வளவுதான். பெனிஸ்டனோடு வேலை பார்த்த தளவாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மேனேஜரின் வாயில் குத்தினான். மேனேஜர் நாற்காலிகளோடு சரிந்தார். விழுந்தவரைச் சட்டையைப் பிடித்துத் தூக்கித் தளவாய் மறுபடி குத்தினான். உதடு கிழிந்து ரத்தம் அவன் முழங்கை வரை வடிந்தது. பெண்கள் அலறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்கள்.

"செத்தவன் வந்து பேச மாட்டாம்னு வாய்க்கு வந்தத சொல்லுதியோ? அந்த பின் ஏறலவே. செயினுக்கு இந்தப் பக்கம் நான் நின்னேன். 'டிசைன்ல தட்டி ஏத்தச் சொல்லுதாவ'ன்னு அவன் வாயால சொன்னான். எவன் சொன்னான்? பேரச் சொல்லு. இன்னைக்கே ரெண்டு குழியா வெட்டிருவோம்."

"எனக்குத் தெரியாதுப்பா, சத்தியமாத் தெரியாது" என்று மேனேஜர் ரத்தத்தோடு துப்பினார். கிருபாநிதி நடுவே புகுந்து தளவாயை விலக்கினான். அந்த வீட்டு மாப்பிள்ளை என்பதால் தளவாய் கையைத் தாழ்த்தினான்.

"நீங்களும் டிசைன்தான அண்ணாச்சி. உங்க மச்சினன் கெடக்கான் அங்கன. நீங்களே சொல்லுங்க, அந்த பின் ஏறுமா ஏறாதா?"

பந்தல் முழுக்க அவனைப் பார்த்தது. கிருபாநிதி சரிந்து கிடந்த நாற்காலி ஒன்றை நிமிர்த்தி வைத்தான். "மாடல்ல க்ளியரா இருக்கு தளவாய். மேனேஜர் சொல்லுதது சரிதான். அவந்தான் அவசரப்பட்டுட்டான்."

பொன்னுதுரையின் தலை குனிந்தது. அப்பா தலை குனிந்து ஜெப்ஸி அதுவரை பார்த்ததில்லை. கணவன் பயந்து வாயை மூடியிருந்தால் அவளும் சாகும்வரை மூடியிருப்பாள். செத்துக் கிடந்தவன்மேல் அவனே பழியைத் தூக்கிப் போட்டதுதான் பொறுக்கவில்லை.

"மாடல்ல அந்த பின்னே கிடையாதுப்பா" என்றாள்.

கிருபாநிதி திரும்பினான். "ஜெப்ஸி."

"கம்ப்யூட்டர் வேகமா ஓடணும்னு பின்னை மறைச்சு வச்சிருந்தாவ. அது இல்லாமலே இடிக்கான்னு பாத்து அனுப்பிட்டாவ. தம்பி போன்ல கேட்டான், வெட்டிக்கிடட்டான்னு. வெட்டாத, தட்டி ஏத்துன்னு சொன்னது இவங்கதான். நான் பக்கத்துல உக்காந்து சோறு தின்னுக்கிட்டிருந்தேன்."

முதல் அடி பொன்னுதுரையுடையது. மடக்கு நாற்காலியை எடுத்து ஓங்கி இறக்கினார். கிருபாநிதி தடுக்கத் தூக்கிய இடது கையில் பட்டு எலும்பு உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அடுத்தது மூக்கில். அதற்குப் பிறகு யார் அடித்தார்கள் என்று கணக்கில்லை. கீழே தள்ளி விலாவில் மிதித்தார்கள். வயிற்றில் மிதித்தார்கள். கழுத்தில் ஒருவன் முழங்காலை வைத்து அழுத்தினான். ஐயர் கெஞ்சியது யார் காதிலும் ஏறவில்லை. கால்களுக்கு நடுவிலிருந்து கிருபாநிதி அவளைப் பார்த்து, "சொல்லு ஜெப்ஸி, விடச் சொல்லு" என்றான். பல் உடைந்து வார்த்தை சிதறியது.

ஒவ்வொரு மிதிக்கும் ஜெப்ஸிக்கு உள்ளே இனித்தது. இனித்தது என்று தெரிந்ததும் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தியெடுத்தாள். நிமிர்ந்தபோது தளவாய் கையில் சுத்தியல் இருந்தது. பெட்டிக்கு ஆணி அடிக்கக் கொண்டுவந்து வைத்திருந்தது. கிருபாநிதியின் தலைக்கு நேராக அதை ஓங்கிவிட்டான்.

அவள் பாய்ந்து அவன் கையைப் பிடிப்பதற்குள் பொன்னுதுரை சுத்தியலைப் பிடுங்கிவிட்டார்.

"போதும்லே. இவன் நடக்கணும்."

அவரே பெட்டியை மூடினார். ஆணிகளை அவரே அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் தரையில் கிடந்த கிருபாநிதியின் உடம்பு தூக்கிப்போட்டது. கடைசி ஆணியை இறக்கிவிட்டுச் சுத்தியலைத் தெருவில் எறிந்தார். அந்தக் குடும்பத்தில் பெட்டியின் தலைமாட்டைப் பிடிக்கிற உரிமை வீட்டு மாப்பிள்ளைக்கு. வேறு யாரும் அங்கே கை வைக்கக்கூடாது.

"எந்திரிங்க மாப்ள. தலமாட்டப் புடிங்க."

கிருபாநிதி எழுந்தான். எப்படி எழுந்தான் என்று தெரியவில்லை. இடது கை முழங்கைக்குக் கீழே துவண்டு தொங்கியது. வலது கையால் தலைமாட்டுப் பிடியைப் பற்றினான். தளவாயும் மற்றவர்களும் மீதிப் பிடிகளைப் பிடித்தார்கள். யாரும் பாட ஆரம்பிக்கவில்லை. மேனேஜரை யாரோ ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

தெருமுனை வரை எப்படியோ போனது. ரோட்டில் ஏறியதும் அவன் பிடி தளர்ந்தது. பெட்டி அந்தப் பக்கமாகச் சரிந்தது. உள்ளே ஏதோ நகர்ந்து பலகையில் இடித்தது. எல்லோருக்கும் கேட்டது, யாரும் நிற்கவில்லை. அவன் இழுத்துத் தூக்கினான். மறுபடி சரிந்தது. மூக்கிலிருந்து ரத்தம் பெட்டிமேல் போர்த்திய வெள்ளைத் துணியில் சொட்டிக்கொண்டே வந்தது. முன்னால் நடந்த பொன்னுதுரை திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெப்ஸி பெண்கள் வரிசையிலிருந்து பிரிந்து முன்னே வந்தாள். "ஏளா, பொம்பள பெட்டியத் தொடப்பிடாது" என்று சித்தி பின்னாலிருந்து சொன்னாள். அவள் ஆண்களுக்கு நடுவே புகுந்து, தலைமாட்டுப் பிடியில் கை வைத்துத் தூக்கினாள். பெட்டி நேரானது. கிருபாநிதி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் ரோட்டைப் பார்த்து நடந்தாள். ஒரே இரும்புப் பிடியில் ரெண்டு பேர் கையும் ஒன்றை ஒன்று தொடாமல் இருந்தன.

எதிரே துறைமுகத்துப் பக்கமிருந்து தார்ப்பாய் மூடிய நிலக்கரி லாரி ஒன்று வந்தது. டிரைவர் ஓரம்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, அவர்கள் தாண்டிப் போகும்வரை காத்திருந்தார்.