தங்கமாரிக்கு ஒரு படம் போதும்

1.

இந்தக் கதை என் முழங்கால் வலியில் பிறந்தது. அருப்புக்கோட்டையில் ஓர் எக்ஸ்ரே அறை வாசலில் காத்திருந்தேன். கதவு திறந்திருந்தது. ஒட்டுக்கேட்டேன் என்றே சொல்லலாம்.

‘திருச்சுழி வெயிலில் கருவேல மரங்கள்’ என்று கதையைத் தொடங்கி, விட்டுவிட்டேன். எலும்புக்கும் கருவேலத்துக்கும் என்ன சம்பந்தம்?

2.

தங்கமாரிக்கு ஒன்பது வயது. தடுக்கி விழுந்தாலே எலும்பு முறியும் நோய், பிறவியிலேயே. முந்தாநாளும் விழுந்திருக்கிறாள். திருச்சுழிப் பக்கமிருந்து பஸ்ஸில் தூக்கி வந்தவள் அம்மா முத்துத்தாய். தொடை வளைந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் புது டாக்டர் நாலு படம் எழுதியிருந்தார்.

படம் எடுப்பவள் வீரசோழன் ஊர்க்காரி பரக்கத் நிஷா. பொத்தானைத் தொடாமல், பழைய படம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றாள் முத்துத்தாய், மடியிலிருந்த ஜவுளிக்கடைப் பையை இறுக்கிக்கொண்டு.

(முதல் பிரதியில் இங்கே அவளை ‘அறியாதவள்’ என்று எழுதி, அடித்தேன். என் பழைய படமும் வீட்டில்தான் இருந்தது. முன்பு வேறு டாக்டரிடம் போனது இந்த டாக்டருக்குத் தெரிந்தால்...)

"எக்ஸ்ரே கதிரு கொஞ்சம்னாலும் பிள்ளைக்கு வேண்டாததுதான்க்கா," என்றாள் நிஷா. "இவ இன்னும் எத்தனை தடவ இதுல படுக்கணுமோ."

முத்துத்தாய் பையை அவிழ்த்தாள். "புது டாக்டரு அவுகளாக் கண்டுபிடிக்கிறாகளான்னு பாக்கத்தான் தரல."

பதினான்கு படங்கள். நிஷா ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். விரல் நீளத் தொடையெலும்பு படத்துக்குப் படம் வளர்ந்தது. முறிந்த இடமெல்லாம் கூடியிருந்தது. நான் வாயைப் பிளந்து நின்றேன். ஒரு பிள்ளையின் உடம்பு இத்தனை முறையா தன்னை ஒட்டவைத்துக்கொள்ளும்?

வளைவு போன வருடப் படத்திலேயே இருந்தது. நிஷா டாக்டருக்குப் போன் செய்தாள். நாலு ஒன்றானது, புது விரிசல் உண்டா என்று பார்க்க மட்டும். அதற்கும் கதிரை முடிந்த மட்டும் குறைத்தாள். படம் புள்ளி புள்ளியாக வருமாம். விரிசல் தெரிந்தால் போதும், அழகு எதற்கு என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

3.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் விரிசல் இல்லை. ஒன்றில் இருக்கிறது. இன்னொன்றில் தங்கமாரி அசைந்துவிடுகிறாள், படம் கலங்கி மறுபடியும் எடுக்க...

அங்கேதான் உறைத்தது. ஐந்து பிரதி கிழித்திருக்கிறேன். ஐந்து முறையும் அந்தப் பிள்ளையைக் கதிருக்கடியில் படுக்க வைத்திருக்கிறேன். முத்துத்தாயைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை?

இது ஆறாவது. இனிக் கிடையாது.

"அசையாம இரும்மா," என்று உள்ளே நிஷாவின் குரல் கேட்கிறது. வாசலில் முத்துத்தாய் வெறும் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். நீங்களும் கொஞ்சம் அசையாமல் இருங்கள்.