ஐந்தாவது தோட்டா

என் மனைவி கொரீன் சுடுவதற்கு முன்னால், நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டியின் பின்பலகையில் துப்பாக்கி மேகசின்களில் தோட்டா நிரப்புவேன். நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஆரஞ்சு நிற டம்மித் தோட்டா ஒன்றிரண்டைச் செருக வேண்டும். எது எங்கே வருகிறது என்று சுடுகிறவருக்குத் தெரியக் கூடாது. டம்மி வரும்போது வெடிக்காது. 'டிக்' என்று மட்டும் கேட்கும். அந்த நொடியில் குழல் அசையாமல் நின்றால் கை சரி. கீழே முங்கினால், வெடிக்கப்போகிறதே என்ற பயத்தில் கை முந்திக்கொள்கிறது என்று அர்த்தம்.

கொரீனின் குழல் தண்ணீருக்குள் மூக்கை விடும் வாத்து மாதிரி முங்கியது.

ஜனவரிப் பனியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் துப்பாக்கியின் உதைப்பு இன்னும் அந்த எலும்பில்தான் விழும் என்று கை நம்பிக்கொண்டிருந்தது. ஷெரிஃப் அலுவலகத்தின் வருடாந்தரச் சுடும் தேர்வில் ஐம்பதுக்கு முப்பத்தைந்து வேண்டும். இரண்டு வாய்ப்புதான். தவறினால் நீதிமன்றக் கதவில் காவல் நிற்பதை விட்டுவிட்டு, சிறையின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பூட்டுப் பொத்தான்களை அழுத்த வேண்டியதுதான்.

பதினோரு வருடமாக அந்தக் கதவில் நிற்கிறாள். அப்பா அம்மா விவாகரத்து வழக்குக்கு வரும் குழந்தைகளுக்குக் கொடுக்கவென்று சட்டைப்பையில் எப்போதும் பட்டர்ஸ்காட்ச் மிட்டாய் வைத்திருப்பாள். அந்தக் கதவை எடுத்துவிட்டால் கொரீனிடம் எவ்வளவு மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

ஏப்ரல் முழுக்கச் சனிக்கிழமைதோறும் ஊருக்கு வெளியே இருக்கும் சரளைக் குழிக்குப் போனோம். ஒவ்வொரு 'டிக்'குக்கும் அவள் முகம் விழுந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து டம்மியை எல்லா மேகசினிலும் ஐந்தாவதாகவே வைத்தேன். அவள் எண்ணவில்லை. ஆனால் அவள் கை எண்ணிக்கொண்டது. ஐந்தாவதில் குழல் பாறை மாதிரி நின்றது.

"பாத்தியா வெண்டல்! அசையவே இல்ல!" என்று காதுக்கவசத்தைக் கழற்றிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். காற்றில் அவள் தலைமுடி என் வாய்க்குள் போனது.

செவ்வாய்க்கிழமை தேர்வில் இருபத்தொன்பது. தவறிய குண்டுகள் எல்லாம் இடப்பக்கம் கீழே.

அன்று மாலை சில்லிக் குழம்பும் இனிப்பான சினமன் ரோலும் மேஜையில் ஆறிக்கொண்டிருந்தன. கொரீன் கரண்டியைத் தொடவில்லை.

"குழியில நல்லாத்தானே சுட்டேன். அங்க போனதும் என்ன ஆச்சு எனக்கு? விடு. கண்ணாடி ரூமே போதும்னு நாளைக்கு எழுதிக் குடுத்துடறேன்."

"எழுதிக் குடுக்காத. நீ குழியிலயும் நல்லா சுடல."

"என்னது?"

சொன்னேன். ஐந்தாவது, ஐந்தாவது, எப்போதும் ஐந்தாவது.

அவள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "பதினோரு வருஷமா பொய் சாட்சி சொல்றவங்க மூஞ்சியப் பாத்துட்டு நிக்கிறேன். ஒரு பார்வையிலேயே கண்டுபிடிச்சிருவேன். என் வீட்டுக்காரன் மூஞ்சிய மட்டும் பாக்கத் தோணலயே!"

"நீ சோர்ந்து போறத என்னால பாக்க முடியல, கொரீன்."

"அப்ப கண்ண மூடிக்க வேண்டியதுதானே? என் கண்ண ஏன்யா கட்டின?"

அவள் எழுந்து ரோலை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். என்னை முழுசாகக் கைவிடவில்லை என்று அந்த ரோலை வைத்து நானாகத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஹாரன் அடித்தாள். குழியில் இறங்கியதும், "இன்னிக்கு நான் நிரப்பறேன். நீ சுடு" என்றாள்.

நான் பன்னிரண்டு வயதிலிருந்து சுடுகிறவன். கொஞ்சம் தோரணையாகவே நின்றேன். இரண்டு வெடித்தது. மூன்றாவது 'டிக்'. குழல் அரையடி முங்கியது.

பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், கொரீன் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். "யோவ், உனக்கு எந்த எலும்புய்யா ஒடஞ்சுது?"

"காத்து தள்ளிருச்சு."

"ஆமா, உன்ன மட்டும் தள்ளுச்சு!"

அவள் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு சேர்ந்து யோசித்து ஒரு வழி கண்டோம். ஆறு மேகசின்களில் டம்மியை வெவ்வேறு இடங்களில் வைத்து நிரப்பி, ஒரு வாளியில் போட்டுக் கலக்கினேன். அவள் பார்க்காமல் கையை விட்டு எடுத்தாள். இப்போது எது எங்கே என்று எனக்கும் தெரியாது. இரக்கப்பட வழியில்லை.

அந்த வாரம் தினமும் போனோம். அவள் முங்கினாள். நான் "முங்குச்சு" என்றேன். "பரவால்ல" என்று சேர்த்துச் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இருப்பது சுடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆச்சரியம், நான் நினைத்த மாதிரி அவள் முகம் விழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு விசையை இன்னும் மெதுவாக அழுத்தினாள். முதல் வாரங்களில் நான் பார்த்தது சோர்வே இல்லையோ என்னவோ. யோசனையாகக்கூட இருந்திருக்கலாம்.

திங்கள் மாலை பத்து 'டிக்'கில் மூன்று முறை முங்கியது. "இது நிஜம்" என்றாள். "இதோட போறேன்."

செவ்வாய் காலை, இரண்டாவது வாய்ப்பு. சுடுதளத்தின் வேலிக்கு வெளியே வண்டியில் காத்திருந்தேன். ஐம்பது சத்தங்களையும் எண்ண முயன்று முப்பதில் தவறவிட்டேன். கொரீன் வெளியே வந்தபோது அவள் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. ஏறினாள், பெல்ட்டைப் போட்டாள்.

"முப்பத்தாறு."

நான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தட்டினேன்.

"தேர்வு வச்ச பையன் கேட்டான், 'மேடம், ஒரே வாரத்துல யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?'ன்னு."

"என்ன சொன்ன?"

"என்னைவிட மோசமா முங்கற ஒருத்தன்னு சொன்னேன். கிளப்பு வண்டிய, ஒன்பது மணிக்கு கோர்ட் ஆரம்பிச்சிரும்."