மூன்றாம் மாடியில் ஓர் ஆண் குரல்

எங்கள் கட்டடத்தில் எல்லாச் சமையலறை ஜன்னல்களும் நடுவிலுள்ள காற்றுக்குழியைப் பார்த்தே திறக்கும். ஒரு வீட்டில் பூண்டு வதக்கினால் கட்டடத்துக்கே தெரிந்துவிடும். நான் ஒட்டுக்கேட்பவள் அல்ல. முலூகியா கீரை ஆயும்போது காதை எங்கே கழற்றி வைப்பது?

மூன்றாம் மாடி நஷ்வா வீட்டிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது.

"மிஸ், நெஞ்சு வலிக்குது மிஸ்."

"எந்தப் பக்கம்? சட்டையக் கழட்டுங்க, பாக்கலாம்."

நஷ்வா விவாகரத்தானவள். மகள் லுஜைனோடு தனியாக இருக்கிறாள். இன்டர்நெட்டில் நர்ஸ் படிப்பு படிப்பதாகச் சொல்லிக்கொள்வாள். ஊசி போடுவதைக் கம்ப்யூட்டரில் கற்கலாம் என்றால் நீச்சலையும் கற்கலாமே. அப்புறம் எங்கள் அலெக்சாண்ட்ரியாவுக்குக் கடல் எதற்கு?

மறுநாளும் அதே குரல், அதே நெஞ்சு. அதற்கடுத்த நாள் அவன் செத்தே போனான். "ஐயோ, மருந்த மாத்திக் குடுத்துட்டேன்" என்று அவளே சொன்னாள். என் கீரை தரையில் கொட்டியது. சாயங்காலம் அந்தப் பிணம் மறுபடி "மிஸ், நெஞ்சு வலிக்குது" என்றது.

இதற்குமேல் சும்மா இருந்தால் நான் அண்டைவீட்டுக்காரியா? ஹஜ் போய்வந்த கீழ்வீட்டு ஹாஜியா தவ்லத்திடம் போனேன். நஷ்வாவின் பழைய மாமியார்.

"மிஸ்ஸுன்னா கூப்பிடுறான்? பிள்ளை பெத்தவளையா?"

"ஆஸ்பத்திரில நர்ஸ அப்படித்தானே கூப்பிடுறோம், ஹாஜியா."

"நெஞ்சு வலிக்கிறவன் மூணு மாடி ஏறி வருவானா, உம்மு ஹாத்திம்? ரகசியமா நிக்காஹ் முடிச்சிருக்கா!"

சொல்லும்போதே கண் மின்னியது. நஷ்வாவின் தாய் உயிரோடு இல்லை. தாய் மறுமணம் செய்தால் எங்கள் சட்டப்படி பிள்ளை தாய்வழிப் பாட்டிக்கு, அவளும் இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டிக்கு. நஷ்வா மறுமணம் செய்தது நிரூபணமானால், பேத்தி ஹாஜியாவிடம் வந்துவிடுவாள்.

மறுநாள் குரல் கேட்டதும் ஏறினோம். நான் சாட்சிக்கு. கதவைத் தட்டத் தட்டத் திறக்கவில்லை; உள்ளே அவன் முனகுவது மட்டும் கேட்டது. கடைசியில் லுஜைன் திறந்து, "அம்மா பரீட்சைல இருக்கா, பேசக்கூடாது" என்று கிசுகிசுத்தாள்.

ஹாஜியா அவளைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். நஷ்வா லேப்டாப் முன் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒருவன் கட்டிலில் படுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மிஸ் நஷ்வா, அறைல வேற ஆள் இருக்காங்க. தேர்வ நிறுத்துறேன்" என்றது லேப்டாப்பிலிருந்து இன்னொரு ஆண் குரல்.

நஷ்வா திரைப்பக்கம் குனிந்தாள். "சார், இது கடைசித் தேர்வு..."

"அந்தம்மா யாரு? விடை சொல்லித்தர வந்தாங்களா?"

"நான் எதுக்கு இவளுக்குச் சொல்லித்தரணும்?" என்று ஹாஜியா சீறினாள். "நான் ஆம்பளையத் தேடி வந்தேன்! அந்த நெஞ்சுவலிக்காரன் எங்க?"

"உங்க எதிர்லதான் இருக்காரு. பயிற்சிக்காகக் கம்ப்யூட்டர்ல செஞ்ச பொம்மை நோயாளி." குரல் கொஞ்சம் கனைத்துக்கொண்டது. "ஆனா வேற யாரும் ஒளிஞ்சிருந்து உதவலன்னு எனக்குத் தெரியணும். எல்லா அறையையும் கேமராவுல காட்டுங்க."

நஷ்வா எழுந்தாள். ஹாஜியா லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டாள். எப்படியும் தேடத்தானே வந்தாள்! கட்டிலுக்கடியில் நீட்டினாள். அலமாரியைத் திறந்தாள். பால்கனியில் காய்ந்த துணிகளையும் விலக்கிப் பார்த்தாள். "இங்க இல்ல... இங்கயும் இல்ல..." அறைக்கு அறை அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"தெளிவாச் சொல்லுங்க, பதிவாகுது."

ஹாஜியா கேமராவைப் பார்த்தாள். "இந்த வீட்டுல ஆம்பளை யாரும் இல்ல."

நஷ்வா என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன். பிறகு அவள் ஹாஜியாவிடமிருந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டு, "பதிவாயிடுச்சுல்ல அத்தை, இனி வெளிய இருங்க" என்றாள்.

அவள் தேறிவிட்டாள். லுஜைனும் அவளிடமே இருக்கிறாள்.

இப்போது காற்றுக்குழியில் புதுக் குரல்: "மிஸ், படி ஏறினா மூச்சு வாங்குது மிஸ்." ஹாஜியா தவ்லத்! தினமும் மூன்று மாடி ஏறிப் போய், மூச்சு வாங்குகிறதாம். நோய் பார்க்கப் போகிறாளா, அலமாரி பார்க்கப் போகிறாளா?

நானும் நாளைக்கு இரத்த அழுத்தம் பார்க்கப் போகலாமென்றிருக்கிறேன். லேப்டாப்பில் தேர்வு நடத்திய அந்த சாரின் குரல் கொஞ்சம் அதிகமாகவே இனிமையாக இருந்தது.