இறங்கி வருகிறவர்களின் பாட்டு

பாட்டு என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாச்சலூர் டீக்கடையில் இன்றைக்கும் சிலர் உட்கார்ந்துகொண்டு, "அது நதியா பாட்டு இல்லப்பா, நதியாவோட போன் பாட்டு" என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசட்டும். தீபாவளிக்குத் துணி தைக்க என் கடைக்குத்தானே வர வேண்டும்?

எங்கள் ஊரிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் கூட்டத்துக்கு வருஷா வருஷம் ஒரு புதுப் பாட்டு உண்டு. வழியெல்லாம் அதைத்தான் பாடுவோம். அதன் கடைசியில் பேர் அடி என்று ஒன்று வரும். பாட்டுக் கட்டியவர் யாரோ, அவர் பேர் அதில் இருக்கும். பழனி அடிவாரத்தில் பாத விநாயகர் முன்னால் குருசாமி அந்த அடியை எடுத்துக் கொடுக்க, மொத்தக் கூட்டமும் அந்தப் பேரைச் சொல்லிப் பாடும். எனக்குத் தெரிந்து அந்தப் பேர் எப்போதும் வேலுச்சாமிதான். கூட்டத்துக்குக் குருசாமியும் அவரே, பாட்டுக் கட்டுகிறவரும் அவரே. காப்பித் தோட்டக்காரர். நல்ல குரல், அதைவிட நல்ல பிடிவாதம்.

அந்த அடியில் என் பேர் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. கொஞ்சநஞ்ச ஆசை இல்லை. யாத்திரைக்காரர்களின் பச்சைத் துணிக்கு ஓரம் அடிக்கும்போதெல்லாம், தையல் மிஷின் சத்தத்தோடு என் பேரைப் போட்டுப் பாடிப் பார்த்திருக்கிறேன். ஆனால் பாட்டுக் கட்ட உட்கார்ந்தால் முதல் அடிக்கு மேல் நகராது.

இந்த வருஷம் போனில் ஏஐ இருக்கிற தைரியத்தில் இறங்கிவிட்டேன். எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால்தான் டவர் கிடைக்கும். அங்கே போய் நின்று, பழனி பாதயாத்திரைக்கு ஒரு பாட்டு எழுதிக் கொடு என்றேன். வாயை மூடுவதற்குள் வந்து விழுந்தது. 'மலை ஏறி வருகிறோம் முருகா, மனம் உருகி வருகிறோம்' என்று ஆரம்பம். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நாங்கள் எங்கே ஏறுகிறோம்? உலகமே பழனிக்கு ஏறிப் போகட்டும், மலை மேலே இருக்கிற பாச்சலூர்க்காரர்கள் இறங்கித்தான் போக வேண்டும். முட்டி கழன்று போகிற இறக்கம். போனைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று உறைத்தது. வேலுச்சாமி அண்ணன் பாட்டிலும் இதே 'ஏறி வர்றோம்'தான்! இத்தனை வருஷமும் வளைவு வளைவாக இறங்கிக்கொண்டே, ஏறி வர்றோம் என்று தொண்டை கிழியப் பாடியிருக்கிறோம். ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. நான் தொட்டியடியில் தனியாக நின்று சிரித்தேன்.

அந்தச் சிரிப்பிலேயே பல்லவி வந்துவிட்டது.

ஊரெல்லாம் ஏறி வரும் உன்கிட்ட – நாங்க
எறங்கி வர்றோம் எறங்கி வர்றோம் முருகா!

இது என் வாயிலிருந்து வந்தது. மற்ற அடிகளை ஏஐயிடம் கேட்டு வாங்கினேன். பிடிக்காததைத் திருப்பி அனுப்பினேன். அது மறுபடியும் மலை ஏறப் பார்த்தபோது, யாரும் இல்லாத தைரியத்தில் கெட்ட வார்த்தைகூடச் சொன்னேன். கடைசியில் முழுப் பாட்டு கைக்கு வந்தது.

மறுநாள் அன்னக்கொடியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வேலுச்சாமி அண்ணன் தோட்டத்துக்குப் போனேன். அன்னக்கொடி எனக்குப் பக்கத்து வீடு, யாத்திரையிலும் என் பக்கத்திலேயே நடப்பவள். அண்ணன் களத்தில் காயப்போட்ட காப்பிக் கொட்டையைத் துழாவிக்கொண்டிருந்தார். பாடிக் காட்டினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு தாயி. யாரு கட்டுனா?"

"நான்தாண்ணே. போன்ல ஏஐ வச்சுக் கட்டுனேன்."

துழாவுவதை நிறுத்திவிட்டார். "போன் கட்டுன பாட்டா? வேணும்னா பாடிக்கிருவோம். ஆனா பேர் அடி கெடையாது."

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க பாட்டுக்கெல்லாம் மெட்டு எங்கேருந்துண்ணே வந்துச்சு? சினிமாப் பாட்டு மெட்டுதான? மெட்டு எவரோடதோ, பேரு மட்டும் உங்களோடதா?"

"அப்படிப் போடு" என்று அன்னக்கொடி எனக்குப் பின்னால் நின்று முனகினாள்.

"மெட்டு வேற, பாட்டு வேற தாயி."

"சரி, என் கடைக்கு வாங்க. ஜாக்கெட்டுத் துணிய நானா நெய்யிறேன்? எங்கேயோ மில்லுல வந்த துணிதான். ஆனாலும் நதியா தச்ச ஜாக்கெட்டுன்னுதான ஊருல சொல்றாக?"

அண்ணன் என்னை நிதானமாகப் பார்த்தார். "அளவெடுத்தது நீ. வெட்டுனது நீ. தச்சது நீ. அதனால சொல்றாக. இந்தப் பாட்டுல வெட்டுனது யாரு? அதச் சொல்லு, பேர் அடி போட்டுருவோம்."

நான் கையிலிருந்த போனைப் பார்த்தேன். "போயி சோலியப் பாரு" என்று அவர் திரும்பவும் கொட்டையைத் துழாவ ஆரம்பித்தார்.

யாத்திரை நாளன்று வெள்ளனே கிளம்பினோம். பல்லவியை எடுத்ததும் கூட்டம் குதித்தது. "அட, ஆமால்ல, நாம எறங்கித்தான போறோம்!" என்று பின்னாலிருந்து ஒரே சிரிப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை அடுத்த வளைவு வரைக்கும்தான் இருந்தது.

சரணத்துக்கு வந்ததும் பாட்டு முக்க ஆரம்பித்தது. 'பாதி தூரம் கடந்து வந்தோம் பக்தியோடு உனை நாடி, மீதி தூரம் நீயே வந்து அழைத்திடுவாய் அருள்கூடி' என்று அடி நீண்டுகொண்டே போகிறது. தொட்டியடியில் நின்றுகொண்டு பாடினால் நன்றாகத்தான் இருக்கும். இறக்கத்தில் கால் தானாக ஓடும், மூச்சு துண்டு துண்டாகத்தான் வரும். பாதி அடியிலேயே எல்லாரும் நின்றுபோனார்கள். ஜால்ரா ஒரு பக்கம் போகிறது, கால் ஒரு பக்கம் போகிறது.

"என்னடி பாட்டு இது, மூச்சு முட்டுது!" என்றாள் அன்னக்கொடி.

போனை எடுத்தேன். டவர் இல்லை. அந்த வளைவுகளில் எந்தக் காலத்தில் டவர் இருந்தது? முன்னால் போகிற வேலுச்சாமி அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. துணி நீளம், ஆள் குட்டை. என்ன செய்வாய் நதியா? என்னத்தைச் செய்வேன், வெட்டுவேன். நடந்துகொண்டே வெட்டினேன். பக்தி போச்சு. நாடி போச்சு. அருள்கூடி முதலில் போச்சு.

பாதி தூரம் நாங்க வந்தோம்
மீதி தூரம் நீ வா!

பாடிப் பார்த்தேன். வார்த்தை விழுகிற இடத்தில் கால் விழுந்தது. அன்னக்கொடி பிடித்துக்கொண்டாள், அவளிடமிருந்து கூட்டம் பிடித்துக்கொண்டது. 'நீ வா' என்கிற இடத்தில் எல்லாரும் கையை நீட்டி, எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி முருகனைக் கூப்பிட்டார்கள். சில பேர் சிரித்தார்கள், சில பேர் கண்ணைத் துடைத்தார்கள். வடகாடு வருவதற்குள் மிச்ச அடிகளையும் இதே மாதிரி வெட்டி முடித்துவிட்டேன்.

சாயங்காலம் ஒட்டன்சத்திரத்தில் மண்டபத்தில் தங்கினோம். அன்னக்கொடியும் நானும் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வேலுச்சாமி அண்ணன் வந்தார்.

"மீதி தூரம் நீ வா... இந்த அடி எனக்குத் தொண்டைய அடச்சிருச்சு தாயி. கால் வலிக்க நடந்து வந்த மனுசிக்குத்தான் இது வரும். எந்தப் போனுக்கும் வராது. இந்த ஒரு அடிக்காகவே உன் பேரப் பாடலாம்."

எத்தனை வருஷத்து ஆசை! தலையை ஆட்டினால் போதும். பேசாமல் இரு என்று அன்னக்கொடி என் தொடையைக் கிள்ளினாள். ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. என் தலையில் உதித்த பல்லவிக்கு ஒரு தலையாட்டல், இதற்குத் தொண்டை அடைப்பா? அதைவிட, உண்மையை ஒளித்து வைத்து என் பேரை வாங்குவதா?

"அண்ணே, அது போன் குடுத்ததுதான். பாதி தூரமும் மீதி தூரமும் அதோடது. நீளமாக் கெடந்துச்சு, நான் வெட்டுனேன்."

அவர் முகம் தொங்கிப்போனது. "போனுக்குக் கால் வலிக்குமா?" என்றார். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

"கெடுத்தியே! வாயில வந்து விழுந்தத துப்பிட்டியேடி!" என்று அன்னக்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் சொன்னதை நான் திரும்ப எடுப்பதாக இல்லை.

சத்திரப்பட்டி தாண்டி, ஆயக்குடிக் கொய்யாக் கடைகளைத் தாண்டி, பழனி வரும் வரைக்கும் அவர் முன்னாலேயே நடந்தார், என் பக்கம் வரவே இல்லை. பாட்டு மட்டும் ஓயவே இல்லை. மலைக்கோயிலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், அடிவாரத்தில் போன்களையெல்லாம் கவுன்ட்டரில் ஒப்படைத்துவிட்டுப் பாத விநாயகர் முன்னால் நின்றோம். கடைசிச் சரணம் முடிந்தது. பேர் அடி வர வேண்டிய இடம். அண்ணன் கையைத் தூக்கினார், ஜால்ரா நின்றது. இத்தோடு முடித்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.

போனு தந்த துணியெடுத்து
வெட்டித் தச்சவ யாரு? – அவ
பாச்சலூரு நதியா, எங்க
பாச்சலூரு நதியா!

மொத்தக் கூட்டமும் திருப்பிப் பாடியது. என் பேர், அத்தனை தொண்டையிலும். ஒன்றையும் மறைக்காமல், ஒன்றையும் குறைக்காமல் பாடிவிட்டார் மனுஷர். நான் அழுதேன். அழுதுகொண்டே, "அண்ணே, அடுத்த வருசம் உங்க பாட்டுல மெட்டுக்காரரு பேரும் வரணும்" என்றேன்.

"வரும் தாயி, வரும். இப்ப வெரசா ஏறு" என்று சிரித்தார்.

ஏறு என்றதும்தான் அன்னக்கொடி படியைப் பார்த்தாள். "ஏ நதியா! எறங்கி வர்றோம் எறங்கி வர்றோம்னு பாடிக்கிட்டு எப்புடிடி படி ஏறுறது? உன் பாட்டுல ஏறுறதுக்கு அடியே இல்லையே!"

உண்மைதான். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து இதுதான் எங்களுக்கு முதல் ஏற்றம். நான் அதை யோசிக்கவே இல்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கை தானாக இடுப்புக்குப் போனது. போன் கவுன்ட்டரில் இருக்கிறது.

"பேரு வாங்கிட்டல்ல?" என்றார் வேலுச்சாமி அண்ணன். "பாட்டு உன்னோடது. நீதான் எடுக்கணும்."

முதல் படியில் காலை வைத்தேன். நிமிர்ந்து உச்சியைப் பார்த்தேன். வழியெல்லாம் கையை நீட்டி நீட்டி எத்தனை தடவை கூப்பிட்டிருப்போம் இவனை?

கூப்புட்டுப் பாத்தோம், நீ வரல – சரி
நாங்களே ஏறி வர்றோம் முருகா!

சிரிப்பும் அரோகராவுமாக அடிவாரம் அதிர்ந்தது. அதைத் திருப்பிப் பாடிய முதல் குரல் வேலுச்சாமி அண்ணனுடையது.