இடது பக்கம்

என் தம்பி மெல்வின் பட்டாளத்திலிருந்து லீவில் வந்து, பெண்டாட்டி எப்சிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று கிளம்பியதிலிருந்து அவள் இடது கன்னம் வீங்கியே கிடந்தது. நல்ல வாத்தியார்! கியர் மாற்றத் தெரிந்த அளவுக்கு அவனுக்குக் கையை அடக்கத் தெரியாது.

எப்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் நர்ஸ். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போனால் ஷிப்டுக்குப் பிந்திவிடுகிறது. "வெள்ளிக்கிழமை டெஸ்டுல தேறுனா வேலைக்குப் போ. இல்லன்னா வீட்டோட கெட" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். அந்த வேலைதான் அவளுக்கு உயிர். அதனால் அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டாள். அவளை அவனோடு தனியே அனுப்ப மனம் வராமல் நானும் பின் சீட்டில் ஏறிக்கொள்வேன்.

கற்றுக்கொடுக்கிறவன் உட்காருவது இடது பக்கம். முச்சந்தியில் அவள் வலது பக்கம் பார்ப்பாள், ஒன்றும் நடக்காது. இடது பக்கம் திரும்பினால் எதிரே அவன் முகம். கிளட்ச் உதறியிருக்கும், இல்லை இன்டிகேட்டரை மறந்திருப்பாள். பளார் என்று விழும். மோதிரக் கை வேறு. ஒருநாள் உதடு கிழிந்து ரத்தம் சுடிதாரில் சொட்டியது.

"ஏலே, மிருகமா நீ?" என்று கத்தினேன்.

"அக்கா, நீ பேசாம இரி. நாங்க பட்டாளத்துல இப்படித்தான் படிச்சோம். அடிச்சாத்தான் மண்டையில ஏறும்."

ஏறத்தான் செய்தது. கொஞ்ச நாளில் எப்சி இடது பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டாள். முச்சந்தி வந்ததும் தோளைத் தூக்கிக் கன்னத்தை மறைத்துக்கொண்டு வலது பக்கம் மட்டும் பார்ப்பாள். அடி குறைந்தது. தேறிவிட்டாள் என்று அவன் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டெஸ்டுக்கு முந்தின நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்தோம். ராஜபாளையம் போக வலது பக்கம் திரும்ப வேண்டும். எப்சி நிறுத்தினாள். வலது பக்கம் பார்த்தாள். காலி.

"எடுட்டி! எம்புட்டு நேரம் நிப்ப?" என்று மெல்வின் கையை ஓங்கினான்.

எடுத்துவிட்டாள். இடது பக்கமிருந்து மாங்காய் லோடு ஏற்றிய மினி லாரி ஹாரனை அலறவிட்டபடி வந்து அவன் பக்கக் கதவில் இடித்தது. கார் அரைவட்டம் சுழன்று மைல்கல்லில் முட்டி நின்றது. கண்ணாடி என் முகத்தில் சிதறியது. மெல்வினின் கதவு உள்ளே மடங்கி அவன் தொடையைக் கடித்திருந்தது. இடது கை முழங்கைக்குக் கீழே திசைமாறித் தொங்கியது. எலும்பு வெளியே தெரிந்தது. சீட்டெல்லாம் ரத்தம்.

அந்த நிலையிலும் அவன் வாய் ஓயவில்லை. "ஏட்டி! கண்ணு அவிஞ்சா போச்சு? இந்தப் பக்கம் பாக்க மாட்டியா?" என்று அலறி, நல்ல கையை அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோனான்.

எப்சி அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்து டேஷ்போர்டில் அடித்தாள். இன்னொரு தடவையும் அடித்தாள். மோதிரம் தெறித்து விழுந்தது. பிறகு அவனை நேராகப் பார்த்தாள்.

"பாத்தா அடிப்பியளே" என்றாள்.

ஜனங்கள் ஓடிவந்து கதவை நெம்பத் தொடங்கினார்கள். எப்சி என் துப்பட்டாவைக் கேட்டு வாங்கி, அவன் தொடையில் இறுக்கிக் கட்டினாள்.

"மைனி, நாளைக்கு இவிய வர முடியாது. டிரைவிங் ஸ்கூல் காரு கேட்டு எடுத்துக்கிடுதேன். டெஸ்டுக்கு நீங்க வாரியளா?"

"வாரேன்" என்றேன்.